பிரேக் ஒயில் மாத்தின கதை

இந்தக் கட்டுரை முழுக்க "நாங்கள்" என்றுதான் வரும். பிரேக் ஒயில் மாத்துவதற்கு இரண்டு பேர் வேணும். ஒருத்தி உள்ளே இருந்து பெடலை மிதிக்க, மற்றவள் சில்லடியில் குந்தியிருந்து நிப்பிளைத் திறக்க வேணும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு பேரும் அக்காவும் தங்கச்சியும். மூத்தவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம். இளையவள் கணிதப் பிரிவில் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். கார் அப்பாவுடையது. வீடு வட்டக்கச்சி.

காரைப் பற்றி முதலில் சொல்ல வேணும். நிசான் சனி, எஃப்.பி. 14. தொண்ணூறுகளில் யப்பானில் செய்தது, எங்கள் இரண்டு பேரையும் விட வயது கூட. மீள்குடியேறிக் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு அப்பா அதைப் பழையதாகத்தான் வாங்கினார். வயல் வேலை இல்லாத நாட்களில் ஹயர் ஓடுவார். ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு, வெளிநாட்டுச் சனத்தை ஏற்றக் கட்டுநாயக்காவுக்கு. 2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 மாசியில். இந்த ஐந்து வருடத்துக்குள் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இது போனால் இன்னொன்று வாங்க எங்களால் ஏலாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அப்பா அந்தக் காரை நல்லாகத்தான் பார்ப்பார். எஞ்சின் ஒயில் நேரத்துக்கு மாத்துவார். ஒவ்வொரு வெள்ளியும் கழுவித் திருநீறு பூசுவார். பிரேக் ஒயிலை மட்டும் ஒரு நாளும் மாத்தியது கிடையாது. போத்தலில் மட்டம் குறைந்தால் கொஞ்சம் விடுவார், மூடுவார். "அது மாத்திற சாமான் இல்லை, குறைஞ்சா விடுற சாமான்" என்பதுதான் அவருடைய கணக்கு. எங்கள் ஊரில் அநேகமான ஆட்களின் கணக்கும் அதுதான்.

2025 சித்திரை லீவுக்கு நுவரெலியா போனோம். உண்மையில் போனது அப்பாயிக்காக. அப்பாயி பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு வன்னிக்கு வந்தவ. எங்களைப் போல மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்கள் வன்னியில் நிறைய. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டி இருந்தவர்கள். அப்பாயி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. முதலில் காசு இல்லை, பிறகு பாதை இல்லை, பிறகு நேரம் இல்லை. "கண்ண மூடுறதுக்குள்ள அந்த லயத்த ஒருக்கா பாத்துட்டா போதும்" என்று எங்களிடம் மட்டும் சொல்லுவா.

நுவரெலியாவில் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் இறம்பொடை வழியாக இறங்கி, புசல்லாவையில் அப்பாயியின் லயத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவது. அதுதான் திட்டம்.

சித்திரை சீசன் என்றபடியால் இறங்கும் போது வாகனம் நெருக்கி அடித்தது. காரில் அப்பா, அம்மா, அப்பாயி, நாங்கள் இரண்டு பேர், பின்னால் ஐந்து பேரின் பைகளும் மரக்கறி மூட்டையும். அப்பா முப்பது வருடமாக வாகனம் ஓட்டுகிறவர். ஆனால் ஓடியதெல்லாம் மட்டமான நிலம். வட்டக்கச்சியில் பெரிய ஏற்றம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். மூன்றாம் கியரில் விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தார். கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகிற மணம். முன்னால் போகிற லொறியின் மணம் என்று நினைத்தோம்.

இறம்பொடைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் அப்பா சத்தம் இல்லாமல் இரண்டு மூன்று தரம் காலை அடித்தார். அவருடைய முழங்கால் அப்படி மேலும் கீழும் போனதை நாங்கள் அதுவரை கண்டதில்லை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் தள்ளி, காரை மலைப் பக்கத்துக் கானுக்குள் இறக்கினார். முன் பம்பர் உடைந்தது. இடது சில்லு கானுக்குள். அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. அப்பாயி, "ஏன்டா, எடம் வந்துருச்சா?" என்று கேட்டா.

ஒருவருக்கும் காயம் இல்லை. மற்றப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இறங்கிப் பார்த்த பிறகுதான் எங்களுக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

ஆட்கள் சேர்ந்து காரைத் தூக்கி விட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து அப்பா பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. ஒன்றுமே நடக்காதது போல! கீழே ஒரு கராச்சில் காட்டினோம். லீக் இல்லை, பாட் இருக்கு, "ஹீற் ஆகியிருக்கு, மெல்லப் போங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஏன் ஹீற் ஆனதும் பெடல் போனது, ஆறினதும் ஏன் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பாதை செங்குத்து. அப்பா அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன் என்றுவிட்டார். முதலாம் கியரிலேயே ஊர்ந்து கம்பளைக்கு வந்தோம். வழியில் ஒரு இடத்தில் அப்பாயி கண்ணாடியோடு முகத்தை வைத்து, "இந்தச் சந்திதான்" என்றா. காருக்குள் ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கதையை அப்பா எடுக்கவே இல்லை. பம்பரை ஒட்டினார். ஹயர் ஓடினார். "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்றார். வட்டக்கச்சியில் அது நல்லாகத்தான் பிடித்தது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. எங்கள் ஊர் ரோட்டில் எவ்வளவு ஓடினாலும் அந்தப் பிழை வெளியே வராது. இன்னொரு தரம் மலையில்தான் வரும்.

நாங்கள் தேடத் தொடங்கினோம். மூத்தவள் வாசித்தாள், இளையவள் விளங்கப்படுத்தினாள். விளங்கினதை இங்கே சொல்கிறோம்.

பிரேக் பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது ஒரு திரவம். அதைத்தான் நாங்கள் பிரேக் ஒயில் என்கிறோம். பேர்தான் ஒயில். அநேகமான கார்களில் இருப்பது எண்ணெய் வகையே கிடையாது, கிளைக்கோல் வகை இரசாயனம். பஸ்காலின் விதி ஓ.எல்., ஏ.எல். படித்த எல்லாருக்கும் தெரியும்: மூடிய திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும். திரவத்தை நெருக்க ஏலாது என்பதால்தான் அது நடக்கிறது. ஊசியில்லாத ஒரு சிரிஞ்சில் தண்ணியை நிரப்பி, முனையை விரலால் பொத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள், அசையாது. காற்றை நிரப்பித் தள்ளினால் பாதி வரைக்கும் போகும். பிரேக் குழாய்க்குள் திரவம் இருக்கும் வரைக்கும் பெடல் கல்லு. காற்றோ ஆவியோ வந்தால் பெடல் பஞ்சு.

ஆவி எங்கே இருந்து வருகிறது? இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். போத்தல் மூடியின் சின்னத் துவாரத்தால் உறிஞ்சும், ரப்பர் ஹோஸின் சுவரால்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். எங்கள் காருக்குரிய டொட் 3 வகை புதிதாக இருக்கும் போது ஆகக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. கிட்டத்தட்ட 3.7 வீதம் தண்ணி சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 பாகை. டொட் 4 என்றால் 230, தண்ணி சேர்ந்தால் 155. டொட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் முதலெழுத்துகள், தரம் அவர்கள் வைத்தது. நூறு பங்கில் நாலு பங்குகூட இல்லாத தண்ணி அறுபத்தைந்து பாகையைத் தின்றுவிடுகிறது.

அடுத்தது மலை. இளையவள் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டாள். ஆட்களோடும் மூட்டையோடும் கார் ஏறக்குறைய 1,400 கிலோ. அது ஆயிரம் மீற்றர் இறங்கினால் வெளியே வர வேண்டிய சக்தி 1 கோடியே 40 இலட்சம் யூல். சாதாரணத் தண்ணி நாற்பது லீற்றருக்கு மேல் கொதிநிலைக்குக் கொண்டுவர அது காணும். எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தாங்கும். கியரைக் குறைக்காமல் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு வந்தால் பெரும் பங்கு நாலு சில்லுக்குள்தான் போகும். கோவிலில் பொங்குகிற பெரிய பானையை நாலு சில்லுக்குள் வைத்துக் கொதிக்க விட்டது மாதிரி. உள்ளே ஈரம் சேர்ந்த பழைய திரவம். அது கொதித்து ஆவியாக, பெடல் போனது. ஆற, ஆவி திரும்பத் திரவமாக, பெடல் வந்தது. கராச்சில் ஒன்றும் பிடிபடாததற்குக் காரணம் அதுதான். அவர்கள் பார்க்கும் போது சாட்சியே இல்லை.

ஓடாமல் நின்ற காரிலும் இது நடக்கும் என்பது எங்களுக்குப் புதுசு. 2020இல் ஊரடங்கு. 2022இல் பெற்றோல் இல்லை, மணிக்கணக்காக வரிசை, பிறகு கியூ.ஆர். கோட் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. அந்தக் காலங்களில் எங்கள் கார் மாமரத்துக்குக் கீழே மாதக்கணக்காக நின்றது. "ஓடேல்லைத்தானே, என்ன பழுதாகப் போகுது" என்று நினைத்தோம். மாரி வந்தது, போனது, திரும்ப வந்தது. அந்த ஈரம் முழுக்க அது நின்ற நிலையிலேயே குடித்திருக்கிறது. அதனால்தான் கிலோமீற்றர் எவ்வளவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லி நிறைய நிறுவனங்கள் கையேட்டில் போடுகின்றன.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "புத்தகத்தில எல்லாம் இருக்கும்" என்றுவிட்டு எழும்பிப் போனார்.

வைகாசியில், மே 11ஆம் திகதி விடியக்காலை, அதே நுவரெலியா - கம்பளை வீதியில், கொத்மலை கெரண்டி எல்லையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அது ஏன் விழுந்தது என்பதற்குப் பல காரணம் சொன்னார்கள். அதை எங்கள் பிரேக்கோடு முடிச்சுப் போட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அந்த இடம் எங்களுக்குத் தெரிந்த இடம். அப்பா ரீவிக்கு முன்னால் நின்றபடியே செய்தி முழுதும் பார்த்தார். அன்றைக்குப் பின்னேரம் காரை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நாங்கள் திரும்பவும் கேட்டோம். இந்த முறை பாகை, யூல் ஒன்றும் கதைக்கவில்லை. இளையவள்தான் கேட்டாள்: "அப்பா, காலபோகத்துக்கு முதல் ஏன் வாய்க்கால் துப்பரவாக்கிறியள்? உடைஞ்சோ கிடக்கு?"

எங்கள் ஊரில் இது பெரிய விசயம். இரணைமடுத் தண்ணி திறக்க முதல் கமக்காரர் எல்லாரும் சேர்ந்து வாய்க்காலில் இறங்குவார்கள். புல்லு வெட்டி, மண் அள்ளி, கரை கட்டுவார்கள். வராத ஆளைக் கூட்டத்தில் கேட்பார்கள். அப்பா ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. "தண்ணி வந்த பிறகு துப்பரவாக்கேலாது" என்பது அவரே எங்களுக்குச் சொல்லித் தந்தது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வேறொரு கதை சொன்னார்.

2008 மார்கழியில், வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிடுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முதல், அவர் தன்னுடைய லான்ட்மாஸ்ரரை முழுதாகக் கழட்டிப் பூட்டினாராம். அந்தக் காலத்தில் ஒயில் கிடைக்கிறதே பெரும்பாடு. அங்கே இங்கே ஓடி, கடன்பட்டு, நல்ல ஒயில் வாங்கி விட்டிருக்கிறார். பெல்ற் புதுசு. "இனி ரெண்டு வருசத்துக்குப் பாக்கத் தேவையில்லை எண்டு கொம்மாட்டச் சொன்னனான்." பிறகு அதில்தான் எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போனது. எங்களுக்கு அப்ப ஐந்து வயதும் இரண்டு வயதும். கடைசியில் இரணைப்பாலையில் அதை விட்டுவிட்டு நடந்தார்கள். "எஞ்சின் சத்தம் அவ்வளவு சுத்தமா இருந்தது. அப்பிடியே விட்டிட்டு வந்தனான். அதுக்குப் பிறகு ரெண்டு வருசத்துக்கு எண்டு நான் ஒண்டும் செய்யிறேல்லை. ஓடும் மட்டும் ஓடட்டும், நிண்டாப் பாப்பம்."

அந்தக் கதையை அவர் அதுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. போர் முடிந்த பிறகு பரந்தன் - முல்லைத்தீவு வீதிப் பக்கம் எரிந்த வாகனங்கள் மலை மலையாகக் குவிந்து கிடந்ததைச் சின்ன வயதில் கண்டிருக்கிறோம். அதற்குள் எங்களுடையதும் கிடந்திருக்கலாம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பாவுக்குப் பராமரிப்பு தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"சரி, மாத்துவம்" என்றார் அப்பா. "ஆனா கராச் அண்ணையிட்டத்தான்."

கராச் அண்ணை எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிறார். முந்தி அவரிடம் மூன்று பெடியன்கள் வேலை பழகினார்கள். ஒருத்தன் கட்டார், ஒருத்தன் ருமேனியா, ஒருத்தன் எங்கே என்று தெரியாது. "ரெண்டு ஆள் வேலையடா இது. பெடல் மிதிக்க ஆளில்லாமத்தான் நான் இதுகள எடுக்கிறேல்லை" என்றார். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்றோம். எங்களை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். "உடுப்பு ஊத்தையாகும்" என்றார். அவ்வளவுதான்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. கிளிநொச்சி ரவுணில் வாங்கின டொட் 3 அரை லீற்றர் போத்தல் இரண்டு. விலை இரண்டு கிலோ கோழி வாங்குகிற காசளவு. சீல் உடையாததாகப் பார்த்து வாங்கச் சொன்னார் அண்ணை. உடைத்து வைத்த போத்தலும் ஈரம் குடிக்கும். என்ன வகை விட வேணும் என்பது காரின் பிரேக் ஒயில் மூடியிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேணும். எஞ்சின் ஒயிலோ வேறெந்த எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊதி, முழுப் பிரேக்கும் நாசம்.

முதல் நாள் இரவே நாலு நிப்பிளுக்கும் கறள் இளக்கிற ஸ்பிரே அடித்து விட்டோம். சில்லுக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டு மாதிரியான சாமான் அது. அதைத் திறந்தால்தான் உள்ளே இருக்கிற திரவம் வெளியே வரும். ஆண்டாண்டாகத் திறக்காதபடியால் பின் இடது பக்கத்தது இறுகிப் போய் இருந்தது. அவசரப்பட்டு முறுக்கினால் முறிந்துவிடும், முறிந்தால் சிலிண்டரையே மாத்த வேணும். அண்ணை தட்டி, ஸ்பிரே அடித்து, திரும்பத் தட்டி, அரை மணித்தியாலம் அதோடு மினைக்கெட்டார். "நேரத்துக்கு மாத்தியிருந்தா இது இப்பிடி இறுகாது" என்று மட்டும் சொன்னார். அப்பா மாமரத்தைப் பார்த்தார்.

ஜக் அடித்து, அதற்குப் பக்கத்தில் மரக்குத்தியும் வைத்து, சில்லைக் கழட்டினோம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையையோ தலையையோ விடக் கூடாது என்பது அண்ணையின் முதலாவது சட்டம். மேல் போத்தலில் இருந்த பழசைப் பெரிய சிரிஞ்சால் இழுத்து எடுத்து, புதுசை நிரப்பினோம். தூரத்துச் சில்லில் இருந்து தொடங்கினோம்: பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம். சில கார்களுக்கு இந்த ஒழுங்கு குறுக்காக வரும், கையேட்டில் பார்க்க வேணும். நிப்பிளில் ஒரு தெளிந்த ரியூப்பைப் பூட்டி, மற்ற முனையைக் கொஞ்சம் புது ஒயில் விட்ட போத்தலுக்குள் அமிழ்த்தி வைத்தார் அண்ணை.

மூத்தவள் பெடலில். இளையவள் சில்லடியில்.

"மிதி." மூன்று தரம் மெதுவாக மிதித்து நாலாவதில் பிடித்துக்கொண்டிருக்க வேணும். "பிடிச்சிருக்கிறன்." இளையவள் கால் சுற்று திறப்பாள். ரியூப்புக்குள் பழசு ஓடும், பெடல் தானாகக் கீழே இறங்கும். "இறங்கீட்டு." இளையவள் பூட்டுவாள். "பூட்டீட்டன், விடு." அப்பதான் காலை எடுக்கலாம்.

பெடலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகைத் துண்டு வைத்தார் அண்ணை. பழைய காரில் தரை மட்டும் மிதித்தால், உள்ளே வழக்கமாகப் போகாத இடத்துக்கு ரப்பர் கப் போய்க் கீறுப்பட்டுவிடுமாம். இதை ஒரு வீடியோவிலும் நாங்கள் பார்க்கவில்லை.

முதல் வந்தது நல்ல சாயம் விட்ட தேத்தண்ணி நிறம். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி, "சாயம் கூடிப் போச்சு" என்றா. பத்துப் பதினைந்து தரம் மிதித்த பிறகு நிறம் வெளிறி வந்தது, பிறகு புதுப் போத்தலில் இருந்த அதே மெல்லிய மஞ்சள். நிறத்தை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல ஏலாது, வெளிறலாக இருக்கும் ஒயிலிலும் தண்ணி இருக்கலாம் என்றார் அண்ணை. ஆனால் மாத்தும் போது புதுசு வந்துவிட்டதா என்று பார்க்க நிறம் உதவும்.

பின் வலத்தில் பிழை விட்டோம். ஒழுங்கையால் ஒரு உழவு மெசின் போனது. "பூட்டேல்லை" என்று இளையவள் சொன்னது மூத்தவளுக்கு "பூட்டீட்டன்" என்று கேட்டது. காலை எடுத்துவிட்டாள். நிப்பிள் திறந்தபடி. உள்ளே காற்று இழுபட்டு, ரியூப்பில் முத்து முத்தாகக் குமிழி. இருவரும் ஆளுக்காள் கத்தினோம். அண்ணை கத்தவில்லை. "இனிப் 'பூட்டேல்லை' எண்ட சொல்லே வேண்டாம். 'விடு' எண்டா மட்டும் விடு. வேற என்ன கேட்டாலும் பிடி." அந்தச் சில்லைத் திரும்ப முதலில் இருந்து செய்தோம். இரண்டாவது போத்தல் வாங்கினது நல்லதாகப் போயிற்று.

இடைக்கிடை மேல் போத்தலைப் பார்க்க வேணும், அது வற்றினால் மேலாலும் காற்றுப் போகும். அந்த வேலை அப்பாவுக்கு. ஒரு கையில் புதுப் போத்தல், மற்றக் கையில் சீலைத்துண்டு. பெயின்ற்றில் ஒரு சொட்டு விழுந்தால்கூட உரியும், உடனே தண்ணி விட்டுக் கழுவ வேணும். அப்பா ஒரு சொட்டும் விழ விடவில்லை.

நாலு சில்லும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணை பெடலை மிதித்துப் பார்த்தார். எஞ்சினைப் போட்டுத் திரும்ப மிதித்தார். நிப்பிள் நாலிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். ஒழுங்கையில் மெல்ல ஓட்டி, நாலு இடத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் திறப்பை அப்பாவிடம் கொடுத்தார். வெளியே எடுத்த பழசை ஒரு கானில் ஊற்றி மூடித் தன்னுடைய கராச்சிலேயே வைத்தார். அது நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். பெற்றோலையே சோடாப் போத்தலில் வைத்து விற்கிற ஊர் எங்களுடையது.

புரட்டாதியில் திரும்பப் போனோம். நுவரெலியாவுக்குப் போகவில்லை, கம்பளைப் பக்கத்தால் ஏறி நேரே புசல்லாவை. இந்த முறை இறங்கும் போது அப்பா இரண்டாம் கியரில் விட்டார். பின்னால் வந்த வான் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. விலத்திக் கொடுத்தார், கியரை மாத்தவில்லை. ஒரு இடத்தில் தானாகவே நிற்பாட்டி, பத்து நிமிசம் ஆற விட்டார். நல்ல ஒயில் இருந்தாலும் காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கக் கூடாது என்று எங்களுக்கே திரும்பச் சொல்லித் தந்தார். நாங்கள் ஓம் என்றோம்.

அப்பாயியின் லயத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். அப்பாயி வாசல் படியில் இருந்து குடித்தா. அதற்கு மேல் அங்கே நடந்ததை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறா.

இதை வாசிக்கிற உங்களில் காரை விட மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள்தான் கூட. முன்னுக்கு டிஸ்க் பிரேக் இருந்தால் ஹான்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள்ளும் இதே சாமான்தான், மூடியில் வகை எழுதியிருக்கும். கடைசியாக எப்ப மாத்தினது என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கள். ஞாபகம் இல்லாவிட்டால் மாத்திற நேரம் வந்துவிட்டது. தெரியாமல் நீங்களே கழட்டப் போக வேண்டாம், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிரேக் விளையாட்டுச் சாமான் கிடையாது.

எங்கள் காரின் பொனற்றுக்குக் கீழே இப்ப ஒரு வெள்ளை ரேப் ஒட்டியிருக்கிறது. வேலை முடிந்த அன்றைக்கு அண்ணை மாத்தின திகதியை எழுதினார். அடுத்த திகதியை எழுதச் சொல்லிப் பேனையை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெரிய எழுத்தில் எழுதினார்: 2027 ஆவணி.